மோனே வீட்டுத் தோட்டத்தில் ஒரு கோடை: மனே வரைந்த நண்பர் குடும்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவியங்களைத் திரையில் காட்டிப் பேசும் கூட்டங்களில் நான் தவறாமல் காட்டும் படம் ஒன்று உண்டு. பிரெஞ்சு ஓவியர் எதுவார் மனே, 1874ஆம் ஆண்டுக் கோடையில், தன் நண்பர் குளோத் மோனேயின் வீட்டுத் தோட்டத்தில் வைத்து வரைந்த ‘அர்ழாந்தேய் தோட்டத்தில் மோனே குடும்பம்’ என்ற தைலவண்ண ஓவியம் அது. காட்டும்போதெல்லாம் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மேலே சொன்னதைக் கீழே திரும்பச் சொல்லவில்லை. ஆகையால் வரிசையாகப் படித்தால் நல்லது.

மனே, மோனே என்று மாற்றி மாற்றிச் சொல்கிறீர்களே, இருவரும் ஒருவர்தானா?

வேறு வேறு ஆட்கள். எதுவார் மனே 1832இல் பாரிசில் பிறந்தவர். நீதித்துறையில் உயர்பதவி வகித்தவரின் மகன். பணத்துக்குக் குறைவில்லாத குடும்பம். குளோத் மோனே அவரைவிட எட்டு வயது இளையவர், 1840இல் பிறந்தவர். லெ ஹாவ்ர் துறைமுக நகரத்தில் வளர்ந்தவர். அல்லிக்குளப் படங்களால் உலகறிந்தவர் இவர்தான்.

இந்தக் குழப்பம் அவர்கள் காலத்திலேயே இருந்தது. 1865ஆம் ஆண்டின் சலோன் கண்காட்சியில், அதாவது பிரெஞ்சு அரசின் ஆதரவில் நடந்த பெரிய ஓவியக் கண்காட்சியில், மோனேயின் கடற்காட்சிகள் இரண்டு இடம்பெற்றன. பார்த்தவர்கள் அவற்றை மனேயின் படங்கள் என்று எண்ணி மனேயைப் பாராட்டிவிட்டார்கள். அதே அரங்கில் மனேயின் ‘ஒலிம்பியா’ என்ற ஓவியம் வசை வாங்கிக்கொண்டிருந்தது. தான் வரையாத படத்துக்குப் புகழும், தான் வரைந்த படத்துக்கு ஏச்சும் கிடைத்ததில் மனேக்குக் கடும் கோபம். இருவரும் நண்பர்களானது அதற்குப் பிறகுதான். நாம் பேசும் படத்தில் வரைந்தவர் மனே, வரையப்பட்டவர் மோனே. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

படத்தில் யார் யார் இருக்கிறார்கள்?

நடுவில், புல்தரையில், வெள்ளை உடை சுற்றிலும் விரிந்து கிடக்க அமர்ந்திருப்பவர் மோனேயின் மனைவி கமீல். தலையில் தொப்பி, கன்னத்தைக் கையில் தாங்கியபடி நம்மைப் பார்க்கிறார். அவர் மீது சாய்ந்து கால் நீட்டிக் கிடக்கும் சிறுவன் அவர்களுடைய மகன் ழான். 1874 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவனுக்கு ஏழு வயது நிறைந்தது. அப்படியானால் படம் வரையப்பட்டபோது ஏழைத் தொட்டுக்கொண்டிருந்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இடப்பக்கம், சற்றுப் பின்னால், நீலச் சாயல் கொண்ட வேலைச் சட்டையோடு குனிந்து செடிகளைக் கவனித்துக்கொண்டிருப்பவர் மோனே. பக்கத்தில் பூவாளி. அந்தப் பக்கமாகவே ஒரு சேவல், ஒரு பெட்டை, ஒரு குஞ்சு. மற்றபடி எங்கும் பச்சை: புல், செடி, மரம். ஆங்காங்கே சிவப்புப் பூக்கள்.

அர்ழாந்தேய் என்பது கிராமமா?

பாரிசுக்கு வடமேற்கே, செய்ன் நதிக்கரையில் இருந்த சிற்றூர். பாரிசின் சேன்-லசார் ரயில் நிலையத்தில் ஏறினால் கால் மணி நேரப் பயணம். ஞாயிற்றுக்கிழமைகளில் படகு விடுவதற்கென்று பாரிஸ்காரர்கள் அங்கே வந்து குவிவார்கள். அதே ஊரில் தொழிற்சாலைகளும் இருந்தன. மோனே 1871 டிசம்பரில் குடும்பத்தோடு அங்கே வாடகைக்குக் குடியேறி, 1878 வரை இருந்தார். அந்த வீடு அமைய மனேயும் உதவியிருக்கிறார்.

இந்தப் படத்தில் தொழிற்சாலையும் இல்லை, ரயிலும் இல்லை, நதியும் இல்லை. வேலிக்குள் இருக்கும் பச்சை மட்டும்தான். அதைப் பார்த்துவிட்டு அது நாட்டுப்புறக் கிராமம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அந்தக் கோடையில் மனே வரைந்த இன்னொரு படத்தில் புகைபோக்கிகள் தெரிகின்றன; அதைப் பற்றிக் கீழே வரும்.

மனே பாரிஸ் ஆளாயிற்றே, மோனே வீட்டுக்கு எப்படி வந்தார்? அங்கேயே தங்கியிருந்தாரா?

ஆற்றுக்கு மறுகரையில் ழென்வில்லியே என்ற இடத்தில் மனே குடும்பத்துக்கு வீடும் நிலமும் இருந்தன. 1874 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை மனே அங்கே கழித்தார். ஆற்றைக் கடந்தால் மோனே வீடு. அடிக்கடி வந்து போனார். ஓகுஸ்த் ரெனுவார் என்ற இன்னொரு இளம் ஓவியரும் சில நாட்களில் சேர்ந்துகொள்வார். மோனேயைவிட ஒரு வயது இளையவர். ஏற்கெனவே மோனே வீட்டில் உரிமையோடு புழங்கியவர். முந்தைய ஆண்டே மோனே தோட்டத்தில் நின்று படம் வரைவதை ரெனுவார் வரைந்திருக்கிறார்.

மனேயின் பாரிஸ் வாழ்க்கை வேறு மாதிரி. நன்றாக உடுத்துவார், சிற்றுண்டிச் சாலைகளில் பேச்சுக்குப் பெயர் பெற்றவர், பெரிய படங்களை ஓவியக்கூடத்துக்குள்தான் வரைவார். திறந்த வெளியில் அதற்கு முன் சில முயற்சிகள் செய்திருந்தாலும், வெளிச்சத்தோடு அவர் முழுமூச்சாக மல்லுக்கு நின்றது இந்தக் கோடையில்தான்.

நண்பரை வரைய வந்தவர், அந்த நண்பரை ஏன் ஓரத்தில், குனிந்த நிலையில் வைத்தார்? அவமதிப்பாகத் தோன்றாதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இந்தப் படத்தின் உயிர் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

உருவப்படம் என்றால் பொதுவாக ஒருவர் நேராக உட்கார்ந்து, முகத்தைக் காட்டி, அசையாமல் இருப்பார். இங்கே மோனே அப்படி எதுவும் செய்யவில்லை. வீட்டுக்கு வந்தவர் ஓவியத்தாங்கியை நிறுத்தி வரையத் தொடங்கிவிட்டார்; வீட்டுக்காரரோ தன் செடிகளைப் பார்க்கப் போய்விட்டார். வந்தவர் அந்நியர் என்றால் இது மரியாதைக் குறைவு. வந்தவர் நெருங்கியவர் என்பதால் இது இயல்பு. நாம் போகும் வீட்டில், நமக்காகத் தன் வேலையை நிறுத்தாமல், அதைச் செய்துகொண்டே நம்மோடு பேசும் ஒருவர் இருப்பார் அல்லவா? அந்த உரிமை மோனேயின் வளைந்த முதுகில் தெரிகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மோனே அப்போதே ஓவியர் என்று அறியப்பட்டவர். அவரைத் தூரிகையோடு வரைவதுதான் எளிய வழி. மற்றொரு படத்தில் மனே அப்படி வரைந்தும் இருக்கிறார். இங்கே தூரிகைக்குப் பதில் பூவாளி. மோனேக்குத் தோட்டம் பொழுதுபோக்கு அல்ல என்பது பின்னாளில் ழிவெர்னி என்ற ஊரில் அவர் அமைத்த தோட்டத்தைப் பார்த்துத்தான் உலகத்துக்குப் புரிந்தது. 1883இல்தான் அவர் அங்கே குடியேறினார். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, நண்பரைச் செடிகளோடு சேர்த்துப் பார்த்திருக்கிறார் மனே. இதைவிடத் துல்லியமான உருவப்படம் வேறு என்ன இருக்கிறது?

கமீலின் முகம் அரைகுறையாக இருக்கிறதே, படத்தை முடிக்காமல் விட்டுவிட்டாரா?

மூக்கு, வாய், கண் எல்லாம் சில தீற்றல்கள்தான். கிட்டத்தில் போனால் முகம் கலைந்துவிடும். நான்கடி பின்னால் வந்தால் ஓர் ஆள் நம்மைப் பார்ப்பது தெரியும். இது வேண்டுமென்றே செய்த தேர்வு. மர நிழலில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், இமை மயிர் தெரியாது; தலை சாய்ந்திருக்கும் விதமும், உடையின் மீது விழும் வெளிச்சமும்தான் தெரியும். மனே அதைத்தான் வரைந்தார்.

வெள்ளை உடையைப் பாருங்கள். அது வெறும் வெள்ளை இல்லை. நிழல் விழும் இடங்களில் நீலமும் சாம்பலும் ஓடுகின்றன. ஈர வண்ணத்தின் மேலேயே அடுத்த வண்ணத்தை இழுத்திருக்கிறார். முதல் பூச்சு உலரும்வரை காத்திருந்தால் வெயில் இடம் மாறிவிடும். பையனும் எழுந்து ஓடிவிடுவான். இந்த வேகம் அந்தக் காலத்தில் சாத்தியமானதற்கு ஒரு சின்னப் பொருளும் காரணம்: 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் கண்டுபிடித்த, பிதுக்கி எடுக்கும் தகரக் குழாய். வண்ணத்தை உலராமல் வெளியே எடுத்துப் போக அது வழி செய்தது.

அந்தக் கோழிகளுக்கு ஏதாவது உட்பொருள் உண்டா?

அப்பா, அம்மா, பிள்ளை: மேலே மூன்று பேர். சேவல், பெட்டை, குஞ்சு: கீழே மூன்று உயிர்கள். இது தற்செயல் என்று நம்புவது கடினம். மோனே குடும்பத்துக்கு ஓர் அன்பான எதிரொலியாக மனே அதை வைத்தார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அப்படியே படுகிறது. அதற்கு மேல் குறியீடு தேட வேண்டாம். தோட்டத்தில் கோழி மேய்ந்தது; அவருடைய கண்ணில் பட்டது; சரியான இடத்தில் வைத்தார்.

இதே காட்சியை ரெனுவாரும் வரைந்திருக்கிறாராமே?

ஆம், அதே நாளில், மனேயின் பக்கத்திலேயே நின்று. மனே வரையத் தொடங்கிய நேரத்தில் ரெனுவார் வந்து சேர்ந்தார். கமீலும் பையனும் புல்லில் சாய்ந்திருக்கும் காட்சியைக் கண்டதும் அவருக்குக் கை பரபரத்தது. கையில் எதுவும் கொண்டுவரவில்லை. மோனேயிடமே வண்ணமும் தூரிகையும் கித்தானும் கேட்டு வாங்கி, உடனே வரைய உட்கார்ந்துவிட்டார். ‘மோனே சீமாட்டியும் மகனும்’ என்று வழங்கும் அந்தப் படம் இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது.

அதை ரெனுவார் மோனேக்கே கொடுத்துவிட்டார். மோனே அதைக் கைவிடாமல் வைத்திருந்தார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது சிறந்தது என்பீர்கள்?

போட்டி வைக்க எனக்கு மனமில்லை; ஆனால் வேறுபாடுகளைச் சொல்ல ஆசை. மனேயின் கித்தான் 61 செ.மீ. உயரம், ஏறக்குறைய 100 செ.மீ. அகலம், படுக்கை வாட்டில் நீண்டது. அவர் தள்ளி நின்று, தாயும் மகனும் இருக்கும் இடத்தையே வரைகிறார்: கணவர், பூ, கோழி, மரம், எல்லாம் சேர்ந்த ஒரு பிற்பகல். ரெனுவாரின் கித்தான் சிறியது, சுமார் 50க்கு 68 செ.மீ. அவர் கிட்டே போகிறார். மோனேயை அப்படியே விட்டுவிடுகிறார். கமீலும் ழானும் சட்டத்தை நிறைத்துவிடுகிறார்கள். ஒரு கோழி மட்டும் இங்கேயும் நுழைந்துவிட்டது.

கை வேலையிலும் இருவர் குணமும் தெரிகிறது. மனேயின் தீற்றல் அகலமானது, தீர்மானமானது. இருட்டை இருட்டாகவே வைக்க அவர் தயங்குவதில்லை. ரெனுவாரின் தூரிகை இறகுபோல் மெல்லியது. உடையும் புல்லும் ஒன்றில் ஒன்று கரைகின்றன. பையன் சாய்ந்திருக்கும் விதத்தில் அந்த வயதுக்கே உரிய சலிப்பும் சொகுசும் ரெனுவாரிடம் இன்னும் நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். தாயின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் ரெனுவாரிடம் போங்கள். அந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்றால் மனேயிடம் வாருங்கள்.

ரெனுவாருக்குத் திறமையே இல்லை, வரைவதை விட்டுவிடச் சொல் என்று மனே சொன்னாராமே, உண்மையா?

இந்தக் கதையைச் சொன்னவர் மோனே. ரெனுவார் வரைவதை மனே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாராம். அவ்வப்போது அவருடைய கித்தான் அருகே போய்ப் பார்த்தாராம். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு மோனேயின் காதருகே வந்து, அந்தப் பையனுக்குத் திறமை கிடையாது, நீ அவனுக்கு நண்பன்தானே, ஓவியத்தை விட்டுவிடச் சொல் என்று முணுமுணுத்தாராம். இது 1924இல் வெளிவந்த ஒரு நூலில் பதிவாகியிருக்கிறது. அப்போது மோனேக்கு 80 வயது கடந்துவிட்டது. மனேயும் ரெனுவாரும் உயிரோடு இல்லை. நிகழ்ச்சி நடந்து 50 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மனே அப்படி ஏதோ சொல்லியிருக்கலாம். சொன்னதன் பொருள் என்ன என்பதுதான் கேள்வி. ரெனுவார் 1867இல் வரைந்த, பஸீய் என்ற ஓவிய நண்பரின் உருவப்படம் மனேயிடம் சொந்தமாக இருந்தது. 1876இல் இம்ப்ரெஷனிஸ்ட்கள் என்று அழைக்கப்பட்ட மோனே, ரெனுவார் முதலிய ஓவியர்களின் கண்காட்சிக்கு அதை மனேதான் இரவல் கொடுத்தார். திறமையே இல்லாதவனின் படத்தை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். தான் தொடங்கிய காட்சியில் வந்து உட்கார்ந்து, தன்னைவிட விரைவாக ஓர் இளைஞன் வரைந்துகொண்டே போவதைப் பார்த்த எரிச்சலில் வந்த சொல்லாகவே நான் இதை எடுத்துக்கொள்கிறேன். இதை வைத்து மனேயைப் பொறாமைக்காரர் என்று முத்திரை குத்துவது அநியாயம்.

அப்படியென்றால் மோனே மட்டும் அன்று வரையவில்லையா?

வரைந்தார். செடிகளை விட்டுவிட்டு, மனே தன் ஓவியத்தாங்கியின் முன் வேலை செய்வதை மோனே ஒரு படமாக்கினார். ஆக, அந்தக் கோடையில் அதே தோட்டத்தில் மூன்று படங்கள்: மோனே குடும்பத்தை மனே வரைந்தது, கமீலையும் ழானையும் ரெனுவார் வரைந்தது, மனேயை மோனே வரைந்தது.

மூன்றாவது இன்று நம்மிடம் இல்லை. பெர்லினில் வாழ்ந்த மாக்ஸ் லீபர்மான் என்ற யூத ஓவியரின் சேகரிப்பில் அது இருந்தது. பிரெஞ்சு ஓவியங்களை ஜெர்மனியில் முதலில் மதித்துச் சேர்த்தவர்களில் அவரும் ஒருவர். நாஜி ஆட்சி வந்தபின் ஒதுக்கப்பட்ட நிலையில் 1935இல் இறந்தார். அவருடைய மனைவி மார்த்தா, 1943இல் முகாமுக்குக் கொண்டுபோக ஆட்கள் வரவிருந்த நிலையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஓவியம் இன்று இருக்கும் இடம் தெரியாது. கறுப்பு வெள்ளை நிழற்படம்தான் மிஞ்சியிருக்கிறது. ஒரு தோட்டத்து மதியத்தின் மூன்றில் ஒரு பங்கு இப்படிக் காணாமல் போனதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வெதும்பும்.

மோனே அப்போது வறுமையில் வாடிக்கொண்டிருந்தார் என்று படித்தேன். படத்தில் அப்படித் தெரியவில்லையே?

நீங்கள் பார்த்தது சரி. 1873இல் மோனே தன் படங்களை விற்று ஈட்டியது 24,800 பிராங்க், நல்ல வருமானம். 1874இல் அது பத்தாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியது, ஏனென்றால் அவருடைய படங்களை வாங்கிக்கொண்டிருந்த வணிகர் துராண்ட்-ருவேல் நெருக்கடியில் சிக்கிக் கொள்முதலை நிறுத்திவிட்டார். அப்போதும் ஒரு தொழிலாளி ஆண்டு முழுதும் பெறும் கூலியைவிட அது பல மடங்கு அதிகம். ஆனால் மோனே வசதியாக வாழ விரும்புகிறவர், செலவாளி, கடன் எப்போதும் இருந்தது.

உண்மையான தட்டுப்பாடு அடுத்த ஆண்டுகளில் வந்தது. 1875இல் மோனேயைப் பார்த்துவிட்டு வந்த மனே, கலை விமரிசகர் தெயோதோர் துரேக்கு ஒரு கடிதம் எழுதினார். மோனே நொந்துபோயிருக்கிறார், படம் ஒன்றுக்கு நூறு பிராங்க் என்று பத்துப் படங்களை நாம் இருவரும் ஆளுக்கு ஐந்நூறு போட்டு வாங்கிக்கொள்ளலாமா என்று அதில் கேட்கிறார். வாங்குவது தாங்கள்தான் என்பது மோனேக்குத் தெரியக்கூடாது என்பதிலும் குறியாக இருந்தார். உதவி பெறுபவரின் மானத்தைக் காக்கும் இந்த எண்ணம் என்னை மிகவும் நெகிழ வைக்கிறது.

மனேயை இம்ப்ரெஷனிஸ்ட் என்று சொல்லலாமா, கூடாதா?

கண்காட்சிக் கணக்கை வைத்துப் பார்த்தால் கூடாது. 1874 ஏப்ரல் 15 முதல் மே 15 வரை, நாதார் என்ற நிழற்படக் கலைஞரின் பழைய கூடத்தில் மோனே, ரெனுவார், தெகா, பிசாரோ, மோரிசோ முதலியோர் தங்கள் முதல் கண்காட்சியை நடத்தினார்கள். மோனேயின் ‘பதிவு (பிரெஞ்சில் ‘இம்ப்ரெஸியோன்’), சூரிய உதயம்’ என்ற படத் தலைப்பை வைத்து ஒரு பத்திரிகையாளர் கேலி செய்ததிலிருந்துதான் இம்ப்ரெஷனிஸ்ட் என்ற பெயரே நிலைத்தது. மனேயையும் அழைத்தார்கள்; அவர் சேரவில்லை. பின்னர் நடந்த கண்காட்சிகளிலும் சேரவில்லை. சலோன்தான் உண்மையான களம், அங்கேயே வெல்ல வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

வரையும் முறையை வைத்துப் பார்த்தால், இந்தத் தோட்டப் படம் அவர்களுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. காலத்தை நினைத்துப் பாருங்கள்: கண்காட்சி முடிந்து இரண்டு, மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. அவர்களோடு ஒரே அரங்கில் தொங்க மறுத்தவர், அவர்களுடைய புல்தரைக்கு வந்து, அவர்கள் வரைவதுபோல் வெளியில் வரைகிறார். இளையவரிடம் கற்றுக்கொள்ள மனேக்கு வெட்கம் இருக்கவில்லை.

அந்தக் கோடையில் மனே வேறு என்ன வரைந்தார்?

மோனேயிடம் ஒரு படகு இருந்தது. அதன் மேல் சிறிய அறை கட்டி, மிதக்கும் ஓவியக்கூடமாக வைத்திருந்தார். தோபிஞி என்ற மூத்த ஓவியர் இதற்கு முன்னோடி. மோனே அந்தப் படகில் அமர்ந்து வரைய, அறை வாசலில் கமீல் உட்கார்ந்திருப்பதை மனே வரைந்தார். அந்தப் படம் மியூனிக் நகரின் நொய பினகொதேக் அருங்காட்சியகச் சேகரிப்பைச் சேர்ந்தது. முன்பு சொன்ன புகைபோக்கிகள் இதன் பின்னணியில் தெரிகின்றன. நண்பரைத் தூரிகையோடு காட்டிய படம் என்று சொன்னதும் இதைத்தான்.

படகோட்டியும் பெண்ணும் கரையில் அமர்ந்திருக்கும் ‘அர்ழாந்தேய்’ என்ற பெரிய படமும் அதே கோடையைச் சேர்ந்தது. அதை மனே 1875 சலோனில் வைத்தார். ஆறு இவ்வளவு நீலமாக இருக்குமா என்று விமரிசகர்கள் பரிகசித்தார்கள்.

கமீல் சோகமாக இருப்பதுபோல் தெரிகிறதே, அவருக்கு உடல்நலம் சரியில்லையா?

பின்னால் நடந்தது நமக்குத் தெரியும் என்பதால் வரும் தோற்றம் அது. கமீல் 1879 செப்டம்பர் 5ஆம் தேதி, 32 வயதில், வெதேய் என்ற ஊரில் நோய்வாய்ப்பட்டு இறந்தார். இரண்டாவது மகன் மிஷேல் 1878இல் பிறந்தபிறகு அவருடைய உடல்நிலை மிகவும் மோசமாகியிருந்தது. 1874 கோடையில் அவருக்கு வயது 27. அன்று அவர் ஒரு பக்கம் மனேக்கும் மறுபக்கம் ரெனுவாருக்கும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார், மடியில் பையன் வேறு. கன்னத்தில் கை வைத்ததற்கு அந்தக் களைப்பே போதுமான காரணம்.

கமீலை வெறும் மாதிரிப் பெண்ணாகப் பேசுவது எனக்கு உறுத்தும். 1866 முதல் மோனேயின் பல படங்களில் அவர் இருக்கிறார். அக்காலத்துத் தோட்டப் படம் ஒன்றில் பல பெண்களுக்கு அவர் ஒருவரே மாறி மாறி நின்றார். எப்படி நிற்பது, எப்படி அமர்வது, ஓவியருக்கு எது வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மனேக்கும் ரெனுவாருக்கும் ஒரே மதியத்தில் படம் அமைந்ததில் அவருடைய திறமைக்கும் பங்கு உண்டு.

அந்தப் பையன் பிறகு என்ன ஆனான்?

ழான் வளர்ந்து 1897இல் பிளான்ஷ் ஓஷதேயை மணந்தார். மோனேயின் இரண்டாவது மனைவி அலீஸின் மகள் அவர், தாமும் ஓவியர். ழான் 1914இல், தந்தைக்கு முன்பே இறந்துவிட்டார். பிறகு பிளான்ஷ்தான் முதிய மோனேயைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார்.

இந்த நட்பு கடைசிவரை நீடித்ததா, இல்லை ரெனுவார் கதைபோல் கசந்ததா?

மனேயும் மோனேயும் எல்லா விஷயத்திலும் ஒத்துப்போகவில்லை. பணத்தை வைத்தும் சங்கடங்கள் வந்தன. ஆனாலும் 1883 ஏப்ரல் 30ஆம் தேதி, 51 வயதில் மனே இறந்தபோது, ஊர்வலத்தில் உடலோடு சென்று இறுதி மரியாதை செய்த நெருங்கியவர்களில் மோனேயும் ஒருவர்.

முதல் பதிலில் சொன்ன ‘ஒலிம்பியா’ மனேயிடமே விலைபோகாமல் இருந்தது. 1889இல் அது அமெரிக்காவுக்குப் போய்விடும் என்ற பேச்சு எழுந்ததும், மோனே தன் சொந்த ஓவியங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, மாதக்கணக்கில் கடிதங்கள் எழுதி நிதி திரட்டினார். ஏறக்குறைய 20,000 பிராங்க் சேர்ந்தது. நன்கொடை தந்தவர்களில் ரெனுவாரும் உண்டு; 50 பிராங்க். 1890இல் படம் பிரெஞ்சு அரசுக்கு வழங்கப்பட்டது. அதோடும் மோனே விடவில்லை. பிரதமராக இருந்த நண்பர் கிளெமான்சோவிடம் வலியுறுத்தி, 1907இல் அதை லூவ்ர் அருங்காட்சியகத்திலேயே ஏற்றச் செய்தார். இன்று அது ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பத்துப் படங்களை மறைவாக வாங்கிக்கொள்ள நினைத்த நண்பருக்கு மோனே செய்த கைம்மாறு இது.

தோட்டப் படத்தை நேரில் பார்க்க எங்கே போக வேண்டும்? இணையத்தில் பார்த்தால் போதாதா?

நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம். ஜோன் விட்னி பேசன் என்ற சேகரிப்பாளர் 1975இல் உயில் வழியாகத் தந்தது. ரெனுவாரின் படம் இருக்கும் வாஷிங்டன் அங்கிருந்து ரயிலில் மூன்றரை மணி நேரத் தொலைவு. அமெரிக்காவில் இருப்பவர்கள் ஒரே பயணத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம். போகும் நாளில் படம் சுவரில் இருக்கிறதா என்று அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். படங்களை அவ்வப்போது வெளி ஊர்க் கண்காட்சிகளுக்கு அனுப்புவார்கள்.

போக முடியாதவர்கள் வருந்த வேண்டாம். இரண்டு நிறுவனங்களும் தெளிவான படக்கோப்புகளை இலவசமாகத் தருகின்றன. தரவிறக்கிப் பெரிதாக்கி, கமீலின் உடை ஓரத்தில் வெள்ளையும் பச்சையும் சந்திக்கும் இடத்தைத் தேடுங்கள். தூரிகை எந்தத் திசையில் போயிருக்கிறது, எந்த வண்ணம் எதன் மேல் ஏறியிருக்கிறது என்பதை நேரில் பார்ப்பதைவிடக்கூட நிதானமாகத் திரையில் பார்க்கலாம். திரையில் இழப்பது அளவு. மனேயின் கித்தான் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம். கைப்பேசியில் பார்க்கும்போது மோனே விரல் நுனி அளவுக்குச் சுருங்கிவிடுவார். ஆகவே, கணினியிலோ தொலைக்காட்சித் திரையிலோ பாருங்கள்.